காத்திருந்தால் விலை குறையுமா?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் நம் ஊரில் கிடைக்கும் முதல் பதில், “கொஞ்சம் பொறுங்க, விலை இறங்கும்” என்பதுதான். ஆடித் தள்ளுபடி வரட்டும், ஆயுத பூஜைக்குப் பார்த்துக்கலாம், தீபாவளிக்கு ஆன்லைன்ல போடுவான், புது மாடல் வந்தா பழசு மலியும். அம்பத்தூர் ஓ.டி.யில் இருந்தாலும் ஆவடி, பூந்தமல்லியில் இருந்தாலும் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் வீடுகளில் இந்தப் பேச்சு நடக்காத ஆண்டு கிடையாது. சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது பலித்த அறிவுரை.

பலித்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு சில்லுக்குள் அடைக்கக்கூடிய டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965இல் எழுதினார் கார்டன் மூர். 1975இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். அவர் கணித்த பாதையிலேயே தொழிற்சாலைகள் நடந்தன. அதனால் இன்றைக்கு வாங்கியவனைவிட ஆறு மாதம் கழித்து வாங்கியவனுக்கு அதே பணத்தில் கூடுதல் வேகமும் கூடுதல் நினைவகமும் கிடைத்தன. பொறுத்தவன் கெட்டிக்காரன் ஆனான்.

2025இன் பிற்பாதியில் அந்தக் கணக்கு உடைந்தது. 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஒன்று 2025 நடுவில் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி விற்றது. 2026 தொடக்கத்தில் அதன் விலை மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. பழைய வகை என்று ஒதுக்கப்பட்ட டிடிஆர்4கூட ஏறியது. அதன் உற்பத்தியை நிறுவனங்கள் குறைத்துக்கொண்டே வந்ததால் சந்தையில் வரத்து சுருங்கிவிட்டது. ரேம் விலையை இன்று கேட்டுவிட்டு நாளை போனால் அதே விலை இருக்கும் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி சொல்வதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு ‘விலை இறங்கட்டும்’ என்று காத்திருப்பதில் பொருளில்லை. ‘எனக்கு இப்போது தேவையில்லை’ என்று காத்திருப்பதில் முழுப் பொருள் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையுள்ள வீடுகள் தள்ளிப்போடுகின்றன, தேவையில்லாதவர்கள் பதறிப்போய் வாங்குகிறார்கள்.

விலை ஏன் ஏறியது என்பது புரிந்தால் எப்போது இறங்கும் என்பதும் ஓரளவு புரியும். ரேமுக்கு அடிப்படையான டிராம் சில்லுகளில், உலக அளவில், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செய்பவை மூன்றே நிறுவனங்கள்: கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களில் ஓடும் கணினிகளுக்கு எச்பிஎம் என்ற தனி வகை நினைவகம் வேண்டும். மெல்லிய சில்லுகளை எட்டு, பன்னிரண்டு என்று மாடி மேல் மாடியாக அடுக்கி, முக்கியச் சில்லுக்கு ஒட்டினாற்போல் வைத்துச் செய்வது அது. ஒரே கொள்ளளவுக்கு டிடிஆர்5ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தட்டு அதற்குச் செலவாகிறது. லாபமும் அதில்தான் அதிகம். ஆகவே அதே தொழிற்சாலை, அதே தட்டு, அங்கே திரும்பிவிட்டது. 2025 அக்டோபர் 1ஆம் தேதி ஓபன்ஏஐ நிறுவனம் ஸ்டார்கேட் என்ற தன் தரவு மையத் திட்டத்துக்காக சாம்சங்குடனும் எஸ்கே ஹைனிக்ஸுடனும் கைகோத்தது. மாதத்துக்கு 9 லட்சம் தட்டுகள் வரை என்பது அப்போது பேசப்பட்ட இலக்கு. அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கடைகளில் விற்றுவந்த தன் ‘குருசியல்’ ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. தனி ஆளாகப் போய் ஒரு ரேம் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தெளிவான செய்தி வேறு இருக்க முடியாது.

இதற்கு முன்னும் விலை எகிறியது உண்டு. 1993 ஜூலை 4ஆம் தேதி ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ ரசாயன ஆலையில் வெடிவிபத்து நடந்தது. சில்லுகளைப் பொதியப் பயன்படும் எபாக்சி பிசினில் உலகத் தேவையின் பெரும்பங்கு அங்கிருந்து போய்க்கொண்டிருந்ததால் ரேம் விலை தாவியது. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கின. விலை இரட்டிப்பாகி, பழைய நிலைக்கு இறங்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடித்தது. அவை விபத்துகள். ஆலையைச் சரிசெய்ததும் பொருள் வந்தது. இந்த முறை ஆலைகள் முழு வீச்சில் ஓடுகின்றன. நம்மைவிட அதிகம் கொடுப்பவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். புதிதாகக் கட்டப்படும் ஆலைகளிலிருந்து சரக்கு வர 2027, 2028 ஆகும். அதற்குள் செயற்கை நுண்ணறிவு முதலீடு சரிந்தால் விலையும் சரியலாம். ஆனால் அந்தச் சரிவை நம்பி இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலர் கேட்கும் கேள்வி ஒன்று: நம் பக்கத்திலேயே செய்கிறார்களே, அது உதவாதா? பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். டெல் ஆலை அங்கே 2007 முதல் இருக்கிறது. எச்பி லேப்டாப்புகளும் அந்தப் பகுதியில் தயாராகின்றன. அந்த வேலையை நம்பி இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் இங்கே நடப்பது பாகங்களைப் பொருத்தும் வேலை. உள்ளே போகும் நினைவகச் சில்லு கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகிறது. சில்லு ஏறினால் பொருத்திய லேப்டாப்பும் ஏறத்தான் செய்யும். வரியிலும் சலுகை இல்லை: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் ஏசிக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது, லேப்டாப்புக்கு ஏற்கெனவே 18, அப்படியே தொடர்கிறது.

ஒரு நுணுக்கம் மட்டும் வாங்குபவருக்குச் சாதகமாக இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ரேமை மாதக்கணக்கில் முன்கூட்டி ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன. அதனால் உதிரி ரேம் விலை உடனே ஏறுகிறது, பெட்டியில் வரும் லேப்டாப்பின் விலை தாமதமாக ஏறுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தால் மலிவு என்பது இத்தனை காலம் உண்மை. இப்போது அதே கொட்டேஷனைக் கம்பெனி சிஸ்டத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

விலை ஒரு பக்கம் இருக்க, இன்னொரு நெருக்கடியை மைக்ரோசாஃப்ட் உருவாக்கியிருக்கிறது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தன. விண்டோஸ் 11க்குப் போக வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய சிஸ்டம்கள் பெரும்பாலும் இந்த வாசலிலேயே நின்றுவிடும். ஐ5, ஐ7 என்று பெயரில் எழுத்து இருப்பதால் பயனில்லை. ஏழாம் தலைமுறை ஐ7 வெளியே, எட்டாம் தலைமுறை ஐ3 உள்ளே.

இதைக் காட்டிப் பயமுறுத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் பணம் கட்டாமலே பதிவு செய்யலாம். உங்கள் பழைய சிஸ்டம் வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம் என்றால், அதில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டாலே, அதன் விலை ஏறியிருக்கும் இந்தக் காலத்திலும், புது மெஷினில் பத்தில் ஒரு பங்குச் செலவில் ஒன்றிரண்டு ஆண்டு ஓட்டிவிடலாம். மெயில், டேலி, தமிழ் டைப்பிங், பிரிண்ட் எடுப்பது என்ற அளவில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: காத்திருங்கள், நிம்மதியாக.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வருவோம். 1960களில் உருவான இந்த எஸ்டேட், சிறு, குறுந்தொழில்களுக்கு ஆசியாவிலேயே பெரிய பேட்டைகளில் ஒன்று. லூகாஸ் டிவிஎஸ், டிஐ சைக்கிள்ஸ், டன்லப் என்று சுற்றிலும் எழுந்த பெரிய ஆலைகளுக்கும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் பாகம் செய்துகொடுத்த கைகளால் வளர்ந்த இடம். அன்று லேத்தும் கைத்திறனும் போதும். இன்று ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறையிலும் வாடிக்கையாளர் அனுப்பும் டிராயிங்கைத் திறக்க ஒரு சிஸ்டம், சிஎன்சிக்குப் புரோகிராம் போட ஒரு சிஸ்டம், பில் போட ஒரு சிஸ்டம் என்று ஆகிவிட்டது. மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

பில் போடும் சிஸ்டம் நான் மேலே சொன்னபடி ஓடட்டும். மெஷினுக்குப் புரோகிராம் அனுப்ப மட்டும் வைத்திருக்கும் பழைய சிஸ்டத்தில் இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டால் அப்டேட் இல்லாதது பெரிய ஆபத்தில்லை. அதில் யாரும் சொந்த பென் டிரைவைச் செருகாமல் பார்த்துக்கொண்டால் போதும். உண்மையான முடிவு டிராயிங், கேம் (CAM) வேலை நடக்கும் சிஸ்டத்தில்தான். முப்பரிமாண டை ஒன்றைத் திறக்கும்போது ரேம் பற்றாமல் எஸ்எஸ்டியில் உருட்டிக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம், ஆர்டர் கொடுத்தவர் டெலிவரிக்குப் போன் செய்துகொண்டிருக்கும் நேரம். 16 ஜிபிக்குக் குறைவான சிஸ்டத்தில் அந்த வேலையைச் செய்யச் சொல்வது ஆபரேட்டருக்கு இழைக்கும் அநீதி. அங்கே விலை ஏறியிருந்தாலும் வாங்கிவிட வேண்டும் என்றே சொல்வேன்.

அதற்கு ஒரு வரிக் கணக்கும் துணை நிற்கிறது. தொழிலுக்கு வாங்கும் கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் அதில் பாதிதான், அதாவது 20 சதவீதம். அக்டோபர் முதல் சில நாட்களுக்குள் வாங்கி ஓட்டத் தொடங்கினால் முழுத் தேய்மானம். தாண்டினால் மீதி அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும். 2026இல் தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி. தீபாவளி ஆஃபரில் கிடைப்பது எவ்வளவு, தேய்மானத்தில் தள்ளிப்போவது எவ்வளவு என்று ஆடிட்டரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குத் தனியாகத் தேய்மானமும் கிடையாது. பக்கத்துப் பட்டறைக்காரருக்குச் சரியாக வந்த கணக்கு நமக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம்.

எஸ்டேட்டுக்கு மட்டுமே உரிய ஒரு கவலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இங்கே பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்த சிபியுதான் முதலில் போகும். புதுச் சிஸ்டத்தில் போடும் பணத்தோடு, அதை மேசைக்கு மேலே ஏற்றி வைக்கும் தட்டுக்கும், டிராயிங்குகளின் நகல் வேறொரு இடத்தில் இருப்பதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். மெஷினை மறுபடி வாங்கலாம். பத்து ஆண்டு டிராயிங்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த பிள்ளைகள். ஆவடி, திருவேற்காடு, நசரத்பேட்டை, தண்டலம் என்று நம் மேற்குப் புறநகரைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள்! அங்கே படிக்கப் போகும் பலர் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா எஸ்டேட்டில் ஆபரேட்டராக இருப்பார், அம்மா தையல் யூனிட்டுக்கோ வேறு வேலைக்கோ போவார். கல்லூரிக் கட்டணம் கட்டிய கையோடு லேப்டாப் என்ற பேச்சு வரும். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்பது அந்த வீட்டில் சாதாரணத் தொகை இல்லை. ‘இரண்டாவது வருஷம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவது அங்கே இயல்பு.

தள்ளிப்போடும்போது என்ன இழக்கிறோம் என்பது விலைப்பட்டியலில் தெரியாது. முதல் ஆண்டில் சி மொழியும் பைத்தானும் வரும்போது லேப்டாப் உள்ள பிள்ளை இரவு வீட்டில் நான்கு முறை தப்பாக எழுதி ஐந்தாவது முறை சரியாக ஓட்டிப் பார்க்கிறது. இல்லாத பிள்ளை லேபில் கிடைக்கும் நேரத்தில் நோட்டைப் பார்த்து அடித்துவிட்டு வருகிறது. வீட்டில் போன் திரையில் பழகுகிறது. மூன்றாம் ஆண்டில் கேம்பஸ் தேர்வு வரும்போது இருவருக்கும் ஒரே கேள்வித்தாள். அந்த இடைவெளியை உழைப்பால் மட்டும் நிரப்பச் சொல்வது கொடுமை. அண்ணனுக்கு வாங்கிவிட்டோம், தங்கை அதையே பகிர்ந்துகொள்ளட்டும் என்று முடிவெடுக்கும் வீடுகளில் பகிர்வு எப்படி முடிகிறது என்பதும் நமக்குத் தெரியும்.

அரசு லேப்டாப் வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அந்தக் காத்திருப்புக்கு இந்தப் பகுதியில் வரலாறே இருக்கிறது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது, ஆவடிக்கு மேற்கே இதே ரயில் பாதையில் உள்ள திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான். அப்போது கொடுத்த மெஷின்களில் 2 ஜிபி ரேம். பல லட்சம் பிள்ளைகளின் கைக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. கொரோனாக் காலத்தை ஒட்டி அது நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. 2026 ஜனவரி 5ஆம் தேதி ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் முதல்வர் ஸ்டாலின் லேப்டாப் வழங்கத் தொடங்கினார். இந்த மெஷின்களில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஆபீஸ் வேலைக்கும், புரோகிராமிங் பழகுவதற்கும் போதுமான மெஷின். உங்கள் பிள்ளையின் கல்லூரியும் வகுப்பும் பட்டியலில் இருக்கிறதா, எந்த ஆண்டில் கைக்கு வரும் என்பதைக் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே வரும் என்றால் காத்திருக்கலாம். தெளிவான பதில் இல்லை என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள்; அரசு லேப்டாப் வரும் நாளில் அது தம்பிக்கோ தங்கைக்கோ ஆகட்டும்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால் எதைப் பார்க்க வேண்டும்? கடையில் பிராசசரின் பெயரைச் சொல்லி விற்பார்கள். நான் ரேம் ஸ்லாட்டைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். இப்போது வரும் பல மெலிந்த மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். இன்றைய விலையில் 16 ஜிபி கட்டுப்படியாகாத வீடு, 8 ஜிபி மெஷினைத் தயங்காமல் வாங்கலாம், ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால். விலை இறங்கும் காலத்தில், மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு முன்னால், இன்னொரு 8 ஜிபியைச் செருகிக்கொள்ளலாம். வாங்குவதா காத்திருப்பதா என்று திணறும் வீட்டுக்கு நடுவழி இதுதான்: மெஷினை இப்போது வாங்குங்கள், ரேமுக்கு மட்டும் காத்திருங்கள்.

புதுச் சில்லுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்டெல்லின் புதிய வரிசை 2026 ஜனவரியில் வந்தது. அடுத்தது பற்றிய பேச்சும் வழக்கம்போலத் தொடரும். ‘ஏஐ லேப்டாப்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி வருபவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது மாணவர்களுக்கு வீண். அவர்கள் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் பெரும்பாலும் எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடுகின்றன, இந்த லேப்டாப்புக்குள் இல்லை.

பட்ஜெட் இன்னும் கீழே என்றால் செகண்ட்ஸ் மெஷினை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஐடி கம்பெனிகளிலிருந்து குத்தகை முடிந்து வரும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள் உறுதியானவை. பல மாடல்களில் ரேமை மாற்ற வழியுண்டு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள். பேட்டரியின் நிலையைக் கேளுங்கள், கடையிலேயே அரை மணி நேரம் சார்ஜர் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் காட்டச் சொல்லுங்கள். ஆவடியிலோ அம்பத்தூரிலோ ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால் தேர்வு அதிகம், பேரம் பேச இடமும் உண்டு; ஆனால் மூன்றாம் மாதம் கோளாறு வந்தால் மறுபடி அவ்வளவு தூரம் போக வேண்டும். ஐந்நூறு, ஆயிரம் கூடுதலானாலும் உள்ளூர்க் கடையில் வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது. எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில்லும், வாரன்டி யார் பெயரில் எத்தனை மாதம் என்ற எழுத்தும் கையில் இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

புது மெஷின் வந்ததும் பழையதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடும் வழக்கத்தை இந்த ஆண்டாவது நிறுத்துங்கள். அதில் இருக்கும் டிடிஆர்4 ரேமுக்கு இப்போது நல்ல விலை கிடைக்கிறது. அதைவிட நல்லது, எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றி, பத்தாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது; விண்டோஸ் 11 வாசலில் நின்றுவிட்ட ஏழாம் தலைமுறை மெஷின் அந்தப் பிள்ளைக்கு இன்னும் மூன்று, நான்கு ஆண்டு தாராளமாக ஓடும்.